ஆட்டம் முடியும் இடம்

இளமையில் பல மணி நேரம் வீடியோ கேம் ஆடிக் கழித்த ஒருவர், முப்பது வயதைக் கடந்தபின் அதே ஆட்டத்தைத் திறந்து பத்து நிமிடத்திலேயே மூடிவிடுகிறார் என்றால், அவரிடம் எது மாறியது என்பது எளிதாக ஒதுக்கிவிடத் தக்க கேள்வி அன்று. வயதாகிவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது என்று சுற்றியிருப்போர் சொல்லும் விடை அவருக்கே போதுமானதாக இருப்பதில்லை. ஏனெனில் ஆட்டத்தை விட்டபின் மிஞ்சுகிற நேரம் பொறுப்பான செயல்களுக்குப் போய்ச் சேர்வதில்லை, பெரும்பாலும் அதே கைபேசியில் குறுங்காணொளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதிலேயே கரைந்துபோகிறது. திரையில் தோன்றும் உருவங்களை ஆடுபவர் தம் விரலால் இயக்கி, முன்பே வகுத்த விதிகளுக்கு உட்பட்டு, ஓர் இலக்கை அடைய முயலும் எல்லா ஆட்டங்களையும் வீடியோ கேம் என்றே இங்குக் கொள்ளலாம். டிவிப் பெட்டியோடு இணைத்து ஆடிய மாரியோவும், நோக்கியாவின் பாம்பும், கைபேசியில் உருளும் லூடோ பகடையும் இதில் அடங்கும். அவற்றின்மேல் வளர்ந்தவர்களுக்கு உண்டாகும் விருப்பும் வெறுப்பும் கூச்சமும் காலத்தோடு எப்படி மாறுகின்றன, அந்த மாற்றத்தில் எவ்வளவு ஆடுபவருடையது, எவ்வளவு ஆட்டத்தினுடையது என்பது ஆராயத் தக்கது.

இந்த ஆராய்ச்சிக்குப் பெருநகரங்களைவிடக் குரும்பலூர் போன்ற ஓர் ஊரே ஏற்றது. பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த இந்தப் பேரூராட்சியைச் சுற்றி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்து பின்னர் அரசு கலை அறிவியல் கல்லூரியாக மாறிய நிறுவனம் இங்கே இருப்பதால், சுற்றுப்புறச் சிற்றூர்களின் பிள்ளைகள் நாள்தோறும் வந்துபோகிறார்கள். பெருநகரத்தில் வீடியோ கேம் நாற்பது ஆண்டுகளாகப் படிப்படியாக நுழைந்ததால், அங்கே எந்தத் தலைமுறை எப்போது மாறியது என்று பிரித்துக் காண்பது கடினம். இந்தப் பகுதியில் அது ஒரே தலைமுறையின் வாழ்நாளுக்குள் முழுவதுமாக வந்து சேர்ந்தது. அந்தத் தலைமுறை இப்போதுதான் முப்பது வயதைத் தொட்டிருக்கிறது.

உலக அளவில் வீடியோ கேம் வணிகமாக வேரூன்றியது 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பாங் என்னும் ஆட்டத்தோடு. நிண்டெண்டோவின் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985இல் வந்தது. பெரம்பலூர்ப் பகுதிச் சிறுவர்களுக்கு அந்த மாரியோ கிடைத்தது பல ஆண்டுகள் கழித்து, நிண்டெண்டோ கருவியைப் பார்த்துச் செய்த மலிவு விலைப் பெட்டிகளின் வழியாகவும், ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அட்டையில் அச்சிட்டு விற்ற கேசட்டுகளின் வழியாகவுமே. திருவிழாக் கடைகளில் விற்ற பிரிக் கேம், மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸின் எளிய நகல் என்பதை அதை வாங்கிய யாரும் அறிந்திருக்கத் தேவையிருக்கவில்லை. பிறகு அப்பாவின் நோக்கியாவில் பாம்பு வந்தது. ஆனால் உண்மையான திருப்பம் 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமே. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவர்கள், வீட்டில் முன்னர் ஒருவரும் தொட்டிராத கணினியை வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்து அறையில் வைத்து இயக்கினார்கள். பாடத்திற்குத் தரப்பட்ட அதில், பென்டிரைவ் கைமாறிக் கைமாறி ரோடு ரேஷும் வைஸ் சிட்டியும் ஏறின. கொடுத்தவர்களின் நோக்கத்திற்கு மாறானது இது என்று குறை கூறுவோர் உண்டு. எனினும் விசைப்பலகையில் அச்சமின்றிக் கைவைக்க அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஆட்டங்களே என்பதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

1995இல் பிறந்த ஒருவரை எண்ணிப் பார்த்தால் மாற்றத்தின் வேகம் விளங்கும். பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அந்த ஆண்டில்தான் என்பதால், மாவட்டமும் இவரும் ஒரே வயதினர். மடிக்கணினி கைக்கு வந்தபோது இவருக்கு வயது பதினேழு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானபோது இருபத்தொன்று. பப்ஜி மொபைல் என்னும் ஆட்டம் 2018இல் வெளிவந்தபோது இருபத்து மூன்று. 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு அதைத் தடை செய்தபோது இருபத்தைந்து. ஏறத்தாழ அந்த வயதில் வேலையும் திருமணப் பேச்சும் ஒருங்கே தொடங்குவது இப்பகுதி வழக்கம். ஆகவே தாம் ஆட்டத்தை விட்டதற்குத் தடையே காரணம் என்று சொல்பவரும், வாழ்க்கையே காரணம் என்று சொல்பவரும் பெரும்பாலும் ஒரே காலத்தைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

விட்டவர்கள் திரும்பிவரத் தயங்குவதற்கு முதல் காரணம் கூச்சம். “கல்யாணமாகிப் புள்ள பொறந்தும் கேமா?” என்று வீட்டில் எழும் கேள்வியில் கோபத்தைவிட வியப்பே மிகுதி. வளர்ந்தவருக்கு விளையாட்டு ஆகாது என்பது தொன்றுதொட்ட தமிழ் வழக்கு என்பதுபோல் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. ஆனால் வழக்கு அப்படி இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வுகள் உடலில் வெளிப்படும் எட்டு வகைகளைப் பிரித்துக் கூறுமிடத்தில், உவகை பிறப்பதற்குரிய நிலைக்களன்கள் நான்கு எனக் கணக்கிட்டு, செல்வம், அறிவு, காதலர் கூட்டம் ஆகியவற்றோடு விளையாட்டையும் சமமாக வைக்கிறது. அதைக் குழந்தைக்கு மட்டும் உரியதாக ஒதுக்கவில்லை. பரிபாடலின் வையைப் பாடல்களில் புதுவெள்ளத்தில் ஆடிக் களிப்போர் வளர்ந்த ஆண்களும் பெண்களுமே. இறைவன் செயல்களையே திருவிளையாடல் என்று தொகுத்த சமயமும் இம்மண்ணில் உண்டு.

ஏட்டை விட்டு ஊருக்கு வந்தாலும் இதுவே நிலை. திண்ணையிலும் கோயில் மண்டபத்துக் கல்தளத்திலும் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடியவர்கள் மீசை நரைத்தவர்கள். மதிய உணவு முடிந்து பாத்திரம் கழுவியபின் தாயக்கட்டையை உருட்டியவர்கள் பேரப்பிள்ளை எடுத்த பெண்கள். பல்லாங்குழியின் புளியங்கொட்டைகளை எண்ணாமலே கையால் அறிந்தவர்கள் அவர்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது பக்தியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. மானாவாரி மக்காச்சோளம் தை, மாசியில் அறுவடையாகி முடிந்தபின், பங்குனி சித்திரையில் நிலம் ஓய்ந்து கிடக்கும் நாட்களில், ஆலமரத்தடியில் சீட்டுக்கட்டு இறங்கியது. சீட்டாட்டத்தை ஊர் முழு மனத்தோடு ஏற்றதில்லை. காசு வைத்து ஆடுவோரைக் குறித்துப் பெண்கள் விட்ட கண்ணீருக்கும் குறைவில்லை. ஆயினும் வெறும் ஆட்டத்தைக் கண்டு, இவ்வளவு வயதாகியும் ஆட்டமா என்று யாரும் வியந்ததில்லை. இன்றைக்கும் சதுரங்கம் ஆடும் நாற்பது வயதுக்காரரைப் பிள்ளைத்தனமானவர் என்று எவரும் சொல்வதில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டும், 2024 டிசம்பரில் குகேஷ் பெற்ற உலகப் பட்டமும் அந்த ஆட்டத்தின் மதிப்பை இன்னும் உயர்த்தியிருக்கின்றன.

அப்படியானால் வீடியோ கேம் மட்டும் ஏன் கூச்சம் தருகிறது? அது புதிது என்பதும், திரை என்பதும் பாதி விடை. மீதி விடை, மேலே கூறிய பழைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பில் இருக்கிறது. டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹூயிசிங்கா 1938இல் வெளியிட்ட ஹோமோ லூடன்ஸ் என்னும் நூலில், மனிதப் பண்பாட்டின் ஊற்றுகளில் ஒன்றாக விளையாட்டைக் காட்டி, அதன் இலக்கணத்தை வகுக்கும்போது, விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து விலகித் தனக்கென ஓர் இடத்தையும் கால எல்லையையும் கொண்டது என்கிறார். அது தொடங்கும், ஒரு கட்டத்தில் முடியும். ஆடு புலி ஆட்டத்தில் புலிகள் நகர முடியாமல் அடைபடும்போதோ, போதிய ஆடுகள் வெட்டுப்படும்போதோ ஆட்டம் முடிகிறது. தாயத்தில் காய்கள் பழமாகும்போது முடிகிறது. பரமபதத்தை விடியல் முடித்துவைக்கிறது. ஆலமரத்தடிச் சீட்டை முதல் மழை முடித்துவைக்கிறது. ஊர் அந்த ஆட்டங்களைப் பொறுத்துக்கொண்டது அவை உயர்ந்தவை என்பதால் மட்டும் அன்று. அவை முடியும் என்பதும், முடிந்தபின் ஆள் எழுந்து வருவார் என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்.

வளர்ந்தவருக்கு முடிவுள்ள ஆட்டம் ஏன் தேவை என்பதற்கு மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியிட்ட தி கிராஸ்ஹாப்பர் என்னும் நூல் ஒரு வழி காட்டுகிறது. தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே ஆட்டம் என்பது அவர் தரும் வரையறை: பந்தைக் கையால் எடுத்துக் கோலில் போட்டுவிடலாம் என்றாலும், கையால் தொடக் கூடாது என்று விதி வைத்துக்கொள்கிறோம், அந்தத் தடை நீங்கினால் ஆட்டமும் இல்லை. இந்த வரையறையைக் குரும்பலூரின் ஒரு சிறு விவசாயியின் ஆண்டோடு ஒப்பிட்டால் அதன் ஆழம் புரிகிறது. அவர் எதிர்கொள்ளும் தடைகள் அனைத்தும் தேவையானவை, அவர் கேளாமல் வந்தவை: 2018இல் மக்காச்சோளத்தைத் தாக்கிய அமெரிக்கப் படைப்புழு, அறுவடை நேரத்தில் சரியும் வெங்காய விலை, பொய்த்த புரட்டாசி மழை. அவற்றில் எதிலிருந்தும் இடையில் எழுந்து போக முடியாது. வென்றாலும் அடுத்த பட்டத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தகைய வாழ்வில் தாமே தேர்ந்த ஒரு தடையை, தோற்றாலும் எவர் வயிறும் காயாத ஒரு தடையை, அரை மணி நேரத்தில் வென்றோ தோற்றோ எழுந்துவிடுவது அற்பச் செயல் ஆகாது. முழுமையாக முடிந்த ஒன்றை அவர் அன்று கண்டிருக்கிறார். குழந்தைக்கு வாழ்வின் பெரும்பகுதி விளையாட்டு என்பதால் ஆட்டத்தின் முடிவு அதற்கு அவ்வளவு பொருட்டில்லை. வளர்ந்தவருக்கோ அந்த முடிவே ஆட்டத்தின் சுவையில் பாதி.

பழைய சுவை இப்போது இல்லை என்று முப்பது வயதினர் சொல்லும்போது, அவர்களுடைய உடலும் காலமும் மாறியிருப்பதை மறுப்பதற்கில்லை. கனடாவின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஸ்டார்கிராப்ட் 2 என்னும் போர்த்தந்திர ஆட்டத்தை ஆடிய 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசி, சூழலுக்கு ஏற்பச் செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே மெல்லக் குறைவதைக் கண்டார்கள். மூத்தவர்கள் எளிய தந்திரங்களைக் கொண்டு அதை ஓரளவு ஈடுசெய்தார்கள் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. கல்லூரிக் காலத்தில் விடிய விடிய ஆடிய கை, டயர் ஆலை ஒன்றின் இரவு ஷிப்ட் முடிந்து வந்தபின் அதே விரைவில் இயங்காது. நாற்பது ஐம்பது மணி நேரம் ஓடக்கூடிய கதையாட்டங்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைப்பவருக்கு ஓர் ஆண்டுச் சுமையாகிவிடுகின்றன. இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது கதை மறந்திருக்கிறது, பொத்தான்களும் மறந்திருக்கின்றன. இவை உண்மைகள், ஆனால் இவை மட்டுமே உண்மைகள் என்று கொண்டால், குற்றம் முழுவதும் ஆடுபவருடையதாகிவிடும்.

ஆட்டங்களும் மாறியிருக்கின்றன. நோக்கியாவின் பாம்பு, தன் வாலைத் தானே கடித்தால் முடிந்துவிடும். எண்ணைப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டுப் போகலாம். மாரியோவுக்கு எட்டு உலகங்கள், அதற்குமேல் ஒன்றுமில்லை. அரங்குகளில் காசு போட்டு ஆடிய பழைய ஆட்டங்கள் காசைப் பறிக்கவே கடினமாக்கப்பட்டவை என்பது உண்மையே ஆயினும், காசு தீர்ந்தவர் வீட்டுக்குப் போனார். கைபேசிக் காலத்தில் பெருவழக்கான ஆட்டங்கள் வேறு முறையில் கட்டப்பட்டவை. விலையின்றித் தந்து, ஆடுபவர் நீண்ட காலம் திரும்பத் திரும்ப வருவதிலிருந்தும், உள்ளே சிறு பொருள்களை வாங்குவதிலிருந்தும், பார்க்கும் விளம்பரங்களிலிருந்தும் வருவாய் ஈட்டும் முறை அது. 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் ஐந்து உயிர்கள் தரப்படுகின்றன; அவை தீர்ந்தால் ஓர் உயிர் திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கொடுக்க வேண்டும். பார்வைக்கு இது ஒரு முடிவுபோல் தோன்றுகிறது. உண்மையில் மீண்டும் வரச் சொல்லும் அழைப்பு. நாள்தோறும் திறந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் இதுவரை சேர்த்த வரிசை அறும் என்னும் அச்சம், குறித்த நாட்களுக்குள் ஆடினால் மட்டுமே கிடைக்கும் ஆடைகள், நிலைகள் தீரும்போதெல்லாம் சேர்க்கப்படும் புதிய நிலைகள் என்று, ஆட்டம் எங்கும் முடியாதபடி பார்த்துக்கொள்ளப்படுகிறது. முடியாத வேலையிலிருந்து வந்தவர் முடியாத ஆட்டத்துக்குள் போகும்போது, அது அவருக்கு இன்னொரு வேலையாகிறது. சலிப்பு என்று அவர் சொல்வது சோம்பலோ முதுமையோ அன்று. இந்த ஆட்டம் தனக்குரிய ஒன்றைத் தரவில்லை என்று அவருடைய அறிவு சரியாகவே கண்டுகொண்டதன் அடையாளம்.

இந்த மாற்றத்தின் கொடிய வடிவம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் வெளிப்பட்டது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்துச் சூதுக்குத் தனி அதிகாரம் வகுத்த நாட்டில், அந்தச் சூது ஆலமரத்தடியை விட்டு நீங்கி, உறங்கும் மனைவிக்குப் பக்கத்தில் போர்வைக்குள் ஒளிரும் திரைக்கு வந்தது. சீட்டாடிய பழைய ஆண்களைத் தேடி மரத்தடிக்கு ஆள் அனுப்ப முடிந்தது. இங்கே தேடுவதற்கு இடமே இல்லை. தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் கடனிலும் தற்கொலையிலும் சிதைந்தபின், நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்யும் அவசரச் சட்டமும் பேரவையில் மசோதாவும் வந்தன. ஆளுநர் திருப்பி அனுப்பிய அந்த மசோதா மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று கூறி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. அதன்பின் 2025 தொடக்கத்தில் மாநில அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறைகளில் ஒன்று இங்குக் கூர்ந்து நோக்கத் தக்கது: நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நுழையக் கூடாது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் இந்த விதிகளைச் செல்லும் என்றது. சீன அரசு 2021இல் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரம் என எல்லை வகுத்ததை உலகம் பேசியது. தமிழ்நாட்டின் விதி வளர்ந்தவர்களுக்கு. ஆட்டம் தனக்குள் கொண்டிருக்க வேண்டிய முடிவை ஆட்டம் தராதபோது, அதை அரசு வெளியிலிருந்து வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்து, மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனியே பிரித்து அனுமதித்திருக்கிறது. இந்தப் பிரிவினை வரவேற்கத் தக்கது. ஏனெனில் எல்லாத் திரையாட்டமும் சூதே என்று கருதும் பெற்றோரும், எல்லாச் சூதும் வெறும் கேமே என்று சொல்லிக் கடன் வாங்கிய பிள்ளைகளும் ஒரே குழப்பத்தின் இரு முனைகளில் நின்றவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் ஆட்டக் கோளாறு என்பது இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்தல், கேடு விளைந்தபின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடித்து, வாழ்வைக் கணிசமாகச் சிதைத்தால் மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். மாலையில் ஒரு மணி நேரம் ஆடுபவரை அந்தப் பட்டியலைக் காட்டி மிரட்டுவது முறையன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 39,000 ஆட்டக்காரர்களின் ஆட்ட நேரத்தை நிறுவனங்களிடமிருந்தே நேரடியாகப் பெற்று 2022இல் வெளியிட்ட ஆய்வில், எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பதற்கும் அவர்களுடைய மன நலத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை; விரும்பி ஆடுகிறார்களா, ஆடியே ஆக வேண்டும் என்னும் உந்துதலால் ஆடுகிறார்களா என்பதே வேறுபாட்டைக் காட்டியது. மணிக்கணக்கைப் பிடித்துச் சண்டையிடும் வீடுகள் தவறான இடத்தில் நிற்கின்றன என்று இதனால் தெரிகிறது.

பெண்களின் ஆட்டம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் மேற்சொன்ன கூச்சம், விவாதம், சட்டம் எதிலும் அவர்கள் பெயர் வருவதில்லை. மடிக்கணினித் திட்டத்தில் மாணவிகளும் கணினி பெற்றார்கள். ஆனால் பென்டிரைவ் வட்டத்துக்குள் அவர்கள் பெரும்பாலும் இல்லை, பிரவுசிங் சென்டருக்குப் போகும் உரிமையும் அவர்களுக்கு இருந்ததில்லை. பலரும் முதன்முதலாக மனமார ஆடத் தொடங்கியது திருமணத்துக்குப் பிறகு, பிள்ளை உறங்கியபின், கணவர் வாங்கித் தந்த கைபேசியில். ஆண்களின் கதையில் ஆட்டம் வயதோடு குறைகிறது என்றால், இவர்கள் கதையில் வயதோடுதான் தொடங்குகிறது. பாட்டியின் தாயக்கட்டை மதியத்துக்கு அண்டை வீட்டுப் பெண்களை ஒரு திண்ணையில் சேர்த்தது, பேச்சையும் சண்டையையும் ஊர்ச் செய்தியையும் கொண்டுவந்தது. பேத்தியின் திரை அவளை அரை மணி நேரம் தனியே விடுகிறது. இரண்டில் எது மேல் என்று சொல்வதற்கு முன், நாள் முழுவதும் பிறரால் அழைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் ஒருத்திக்குத் தனிமை எவ்வளவு அரியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுடைய அரை மணி நேரத்தை வீணென்று சொல்லும் உரிமை, அந்த அரை மணி நேரம் கிடைப்பதற்கு உதவி செய்யாத எவருக்கும் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நவி மும்பையின் நிறுவனம் ஒன்று 2016இல் வெளியிட்டிருந்த லூடோ கிங் என்னும் கைபேசி ஆட்டம் நாடெங்கும் பரவியது. தாயம் ஆடிய பாட்டிகளுக்கு அதைக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பகடை, காய், வெட்டு, பழம் எல்லாம் அவர்கள் அறிந்தவை. பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் முதலிய ஊர்களைப் போலவே இந்தப் பகுதியின் பல சிற்றூர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் மிகுதி. அத்தகைய ஒருவர் விடுமுறை நாளில் தம் அறைக் கட்டிலிலிருந்து, ஊரிலுள்ள மனைவியோடும் பிள்ளைகளோடும் ஒரே பலகையில் காய் நகர்த்துவது, வெறும் தொலைபேசிப் பேச்சு தராத ஒன்றைத் தருகிறது. “சாப்டியா, நல்லா இருக்கியா” என்னும் கேள்விகள் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தபின் கணவனும் மனைவியும் மௌனமாகிவிடும் அழைப்புகளை நீண்ட காலம் பிரிந்து வாழும் குடும்பங்கள் அறியும். ஆட்டத்தில் அந்த மௌனம் கனப்பதில்லை. அப்பாவின் காயை மகள் வெட்டுகிறாள், அவர் வீம்பு பேசுகிறார், அவள் சிரிக்கிறாள். நான்கு காயும் வீடு சேர்ந்ததும் ஆட்டம் முடிகிறது.

இப்போது முப்பதில் இருக்கும் தலைமுறையின் பிள்ளைகள் நான்கைந்து வயதில் கைபேசியைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த முதல் பெற்றோர் இவர்களே. இவர்களுடைய தந்தையர், திரையில் ஓடுவது பாம்பா, சூதா என்று பிரித்தறிய வழியின்றி எல்லாவற்றையும் ஒன்றாகவே வெறுத்தார்கள். அவர்களைக் குறைகூறுவதற்கு இல்லை. இவர்களுக்கோ எந்த ஆட்டம் எழுந்துபோக விடும், எது விடாது என்பது விரல்களுக்கே தெரியும். ஆயினும் தாம் ஆடியதைப் பிள்ளையிடம் மறைத்து, பாடப் புத்தகத்தைக் காட்டி, தம் தந்தையரின் சொற்களையே திரும்பச் சொல்லும் போக்கு இவர்களிடம் வலுத்துவருகிறது. தம் பழைய ஆசையைப் பிள்ளைக்கு முன் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படும் ஒருவரால், பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, இந்த ஆட்டத்தை இந்த நிலையோடு நிறுத்தலாம் என்று நம்பத்தகுந்த குரலில் சொல்ல இயலாது. வெளியில் நின்று போனைப் பிடுங்கத்தான் முடியும். மாரியோவின் எட்டாவது உலகம் வரை ஒருமுறையேனும் போனவர்கள் இவர்களில் பலர். அந்த உலகத்துக்குப் போகும் வழியைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.